ஒன்பதாம் குழி மேடு

அன்று காலை அங்கே இருந்தது அக்கா வீட்டுக்காரரான அத்தான், அவருடைய ஜேசிபி டிரைவர், ரிசார்ட் மேனேஜர், நான். இல்லாதவர், அந்தக் கோல்ஃப் மைதானத்தை வடிவமைத்த வெள்ளைக்காரர். ஆடிய காலத்தில் பல நாட்டுக் கோப்பைகளை வென்றவர். அவர் தன் ஊரில் இறந்துபோயிருந்தார். மணவாளக்குறிச்சிக் கடலோரத்தில் பாதி முடிந்து கிடந்ததுதான் அவருடைய கடைசி மைதானம்.

ஒரே ஒருமுறை வந்திருந்தார். சுருட்டைப் பற்றவைத்து, புகை போகும் திசையைப் பார்த்தபடியே நடந்தார். ஒன்பதாம் குழிக்கு முன்னால் நின்று, "இங்கே ஒரு மேடு வேண்டும், போட்டபின் எடுத்துவிடாதீர்கள்" என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் ஆங்கிலம் படித்தவன் நான். மண்வேலை எடுத்திருந்த அத்தானுக்கு அதைச் சொன்னதும் நான்தான். செம்மண் கொட்டி மேடு போட்டோம்.

அவர் ஊருக்குப் போனபின் மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. பந்து விழும் இடத்தை மறைக்கிறதாம். "மேடு போனாத்தான் கடைசி பில்லு" என்றார். அத்தானின் ஜேசிபி, அக்காவின் நகையை விற்று முன்பணம் கட்டி வாங்கிய வண்டி. அந்தப் பில் வந்தால்தான் தவணை.

நிரவினோம். மறுநாள் காலை அதே இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மேடு. செம்மண் இல்லை, கடற்கரைக் கறுப்பு மணல்.

"காத்து கொண்டு போட்டிருக்கு" என்றார் அத்தான்.

"காத்து எல்லா இடத்துலயுந்தானே அடிச்சுது அண்ணாச்சி?" என்றான் டிரைவர். "இது மாடன் சாமி பீடம் மாதிரில்லா இருக்கு."

"வெள்ளக்கார மாடனாடே? கெடாவுக்குப் பதிலா கேக்கு கேப்பான் போல. வண்டிய எடு."

மறுபடி நிரவினோம். மறுபடி வந்தது, இடுப்பளவுக்கு.

அன்று காலைதான் டிரைவர் மாடனுக்குப் படையலாக வைக்கிற சுருட்டு ஒன்றைக் கொளுத்தி மேட்டில் செருகினான். கடல்காற்று எங்கள் சட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. புகை மட்டும் சாயவில்லை. நேராக எழுந்து, சற்று நின்று, மேட்டின் மேலேயே இறங்கிப் படிந்தது. மேனேஜர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். ஆனாலும், "நாளைக்கும் இது நின்னா பில்லு இல்ல" என்றார்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "அந்த மனுசன் அண்ணைக்கு என்ன சொன்னாருண்ணு திருப்பிச் சொல்லு மக்கா."

"எடுக்காதீங்கண்ணாரு, அத்தான்."

அவர் டிரைவரிடமிருந்து சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "பின்ன நான் எடுக்க மாட்டேன்."

பில் வரவில்லை. தவணை தவறி வண்டியும் போயிற்று. மேடு இன்னும் இருக்கிறது. அக்காவின் நகையையும் சேர்த்தால் எங்களுக்குப் போனது ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.