மூன்று கூடை, மூன்று ராகம்

கடற்கரையில் பிறந்தும் படகில் வாந்தி எடுக்கிறவன், மண்டபம் பக்கத்தில் நான் ஒருத்தன்தான். படகு கிளம்பியதும் குப்புறப் படுத்துவிடுவேன். எஞ்சின் சத்தத்தில் படகுக்காரர் சொல்லும் சொல் எதுவும் காதில் விழாது. குரல் இழுத்து மேலே போனால் வலையை விடு. சட்டென்று கீழே விழுந்தால் வலையை இழு. அவ்வளவுதான் என் படிப்பு.

கடைசியில் படகில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். நண்டு கம்பெனி முதலாளி என்னை ஒரு வாரம் சோதனைக்கு எடுத்தார். கீழக்கரைக்காரர், அண்ணனைக் காக்கா என்னும் அந்த ஊர் வழக்கப்படி காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

உயிர்நண்டு வாங்க வந்த சீனாக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கி, வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒரே ஒரு சொல் சொல்வார். பெரியது, சின்னது, சதையில்லாதது. நான் அதற்குரிய கூடையில் போட வேண்டும். காலைக் கட்டிவிட்டால் என் கண்ணுக்கு எல்லா நண்டும் ஒன்றுதான்.

"தப்பாப் போட்டா மறுபடி படகுதான்லே."

"படகுக்கே நான் வேணாமாம் காக்கா."

"அப்ப கடல்தான்."

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் பத்தாவது படித்தவர். அந்தச் சொற்களை எழுதி வைத்துப் படித்தும், ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் பிடிபடாமல் போய்விட்டார். எனக்கு அது பழகிய எஞ்சின் சத்தம். தா என்று மேலிருந்து வெட்டி விழுந்தால் பெரியது. சியாவ் என்று பள்ளத்தில் இறங்கி ஏறினால் சின்னது. கோங் என்று உயரத்திலேயே நின்றால் சதையில்லாதது. சொல்லை விட்டுவிட்டு ராகத்துக்குக் கை நீட்டினேன். ஆறு நாள் ஒன்றும் தப்பவில்லை. வீட்டில் சோறு கேட்கும்போதும் குரலை இறக்கி ஏற்றினேன். பெண்டாட்டி தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

ஏழாவது நாள் சீனாக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாஸ்க்குக்குள்ளிருந்து வெறும் காற்றுதான் வந்தது. காக்கா ஜெனரேட்டரை நிறுத்தினார். அப்போதும் காற்றுதான்.

"என்னலே முழிக்கிற?"

"பாட்டு நின்னுபோச்சு காக்கா."

"பாட்டா? நண்டைப் போடுலே!"

சீனாக்காரர் காத்திருக்கவில்லை. அடுத்ததையும் அதற்கடுத்ததையும் நீட்டினார். மூன்று நண்டையும் ஏந்திக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது, ராகம் போனாலும் நீளம் போகவில்லை. ஒரு நண்டுக்குக் காற்று பொசுக்கென்று முடிந்திருந்தது: பெரியது. இன்னொன்றுக்கு நீண்டு, நடுவில் தேய்ந்து, மறுபடி வந்தது: சின்னது. மற்றொன்றுக்கு ஒரே சீராக நின்றது. மூன்றையும் போட்டேன். அன்று முழுக்க அப்படியே போட்டேன்.

மாலையில் அவர் கூடைகளைக் கொட்டிச் சோதித்தார். சின்னதில் சதையில்லாதது ஒன்று கிடந்தது. காக்கா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"இதைச் சொல்லுறப்ப நடுவுல இருமிட்டாரு காக்கா. நீளமாப் போச்சு."

இருமியும் காட்டினேன். சீனாக்காரருக்குத் தமிழ் தெரியாது; இருமல் புரிந்தது. மாஸ்க்கை இறக்கி, சத்தமே வராமல் சிரித்து, அந்த நண்டைத் தானே மாற்றிப் போட்டார்.

ஜெனரேட்டரைப் போடப் போன காக்கா திரும்பினார்.

"நாளைக்கு வரும்போது நாலாவதா ஒரு கூடை எடுத்துட்டு வாலே. இருமலுக்கு."