குளவி இல்லாத மருதாணி

மருதாணி வேலியை வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. கயிறு கட்டாமல் கத்தரியைத் தொடக் கூடாது. மேலே அகலமாக விட்டால் அடியில் வெயில் படாமல் மொட்டையாகிவிடும். அப்பாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவரைப் போலவே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற நானும், விதி தெரியாதவர்களை மனிதர்களாக மதித்ததில்லை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது கோரிப்பாளையத்துக்கு அருகே அரசுக் குடியிருப்பில் இருந்தோம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மருதாணி ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரருக்கும் அப்பாவுக்கும் ஒரே அலுவலகம். சீனியாரிட்டித் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றது. அது போதாதென்று மனைவிமாரின் பேச்சையும் நிறுத்தி உத்தரவு போட்டார்கள். அதுவரை அம்மாவும் அந்த வீட்டு அத்தையும் ஒருவர் குழம்பை மற்றவர் ருசி பார்க்காமல் அடுப்பிலிருந்து இறக்கியதில்லை.

மேலதிகாரி குடியிருப்பைப் பார்வையிட வருகிறார், வேலிகளெல்லாம் இடுப்பளவில் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று தகவல் வந்தது. அப்பா உற்சாகமானார்.

"இந்த வெயில்லயா வெட்டணும்? செடி கருகிப் போகும்ங்க" என்றாள் அம்மா.

அப்பா காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் தொடங்கி வெட்டிக்கொண்டே போனார். சிமெண்டுத் தரை தோற்றுவிடும், அப்படியொரு மட்டம். கொல்லைக் கோடியில் கத்தரி நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். புதருக்குள் ஒரு பானை நுழையும் அளவுக்குப் பொந்து. இந்தப் பக்கம் உட்கார ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல். இரண்டையும் சுற்றிப் புல் தேய்ந்து தரை தெரிந்தது. பொந்துக்குள் எங்கள் வீட்டுக் கிண்ணம் கிடந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு துவைகல்லில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா துணியைப் பிழிந்த கையோடு அப்படியே நின்றாள்.

"இங்கன குளவி கூடு கட்டியிருக்கு. யாரும் கிட்டப் போகாதீக" என்று சொல்லிவிட்டு அப்பா கயிற்றை அவிழ்த்தார்.

குளவி ஒன்றுகூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

மட்டமாக வெட்டிய வேலியின் கோடியில் அந்தப் புதர் மட்டும் திமிலாக நின்றது. "டேய் மாப்ள, உங்கப்பா ஒட்டகம் வளக்குறாராம்ல! எம்புட்டுப் பால் கறக்கும்?" என்று தெருவே கேட்டது. நான் விளையாடப் போவதை நிறுத்தினேன்.

மேலதிகாரியும் அங்கேதான் வந்து நின்றார். "இதென்னய்யா?"

"குளவிங்க சார்."

கூட வந்த பியூன் ஆர்வக்கோளாறில் புதரின் உச்சியில் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். தவிட்டுக்குருவி ஒன்று பறந்தது.

"இம்புட்டுப் பெரிய குளவியா!" என்றார் அதிகாரி. கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தலை நிமிரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா அந்தக் கிண்ணத்தில் ஏதோ மூடி எடுத்துக்கொண்டு கொல்லைக் கோடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"அங்கிட்டு வராதடா, குளவி கொட்டிரும்."

"ஒன்னயக் கொட்டாதா?"

"என்னயக் கொட்டாது."

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தையின் சிரிப்பு கேட்டது. உடனே வீட்டுக்குள் அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அப்பா பயந்தாங்கொள்ளி, அம்மா பொய் சொல்கிறாள், போதாக்குறைக்கு அப்பாவுக்குக் காதும் மந்தமாகிவிட்டது. வேறு யார் வீட்டிலாவது பிறந்திருக்கலாம் என்று நினைத்தபடி, ரேடியோ சத்தத்தில் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.