அண்டோயாவில் காற்று அடங்கவில்லை

ரொக்கெற் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் என் மகள் யாழினி. பன்னிரண்டு வயது. நோர்வேயின் வடக்கே அண்டோயா தீவிலிருந்து ரொக்கெற் ஏவப்போகிறார்கள் என்று வகுப்பில் கேட்டுவிட்டு வந்து, "அப்பா, கார்ல போகேலாதோ?" என்றாள். ஒஸ்லோவிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர். நானும் பிள்ளைகளின் தாயும் பிரிந்து மூன்று வருடமாகிறது. யாழினியும் எட்டு வயது ஆதவனும் ஒரு கிழமை என்னோடு, ஒரு கிழமை தாயோடு. இலையுதிர்கால விடுமுறை இம்முறை என் பங்குக்கு வந்ததால் சரி என்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் என் வீட்டிலிருந்து புறப்பட்டோம். முதல் நாள் துரொண்ட்ஹெய்ம் வரை 490 கிலோமீற்றர். மறுநாள் மோ இ ரானா, இன்னொரு 480. கட்டிக்கொண்டு போன இடியப்பம் முதல் நாளே தீர்ந்தது. பிறகு பெற்றோல் நிலையத்து பொல்செ என்ற சொசேஜும் பாணும்தான். (பிள்ளைகள் இதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.) மூன்றாம் நாள் போக்னெஸிலிருந்து லோடிங்கனுக்குக் கார்ப்படகில் ஒரு மணிநேரம்.

பின்னிருக்கையில் இரண்டு பேரும் நித்திரையாகும்போது வானொலியை நிறுத்திவிடுவேன். அவர்கள் மூச்சுவிடும் சத்தம் கேட்கும். அவர்கள் இல்லாத கிழமைகளில் என் வீட்டில் அந்தச் சத்தம் இருக்காது. மற்றவர்கள் இந்தத் தூரத்துக்குப் பயப்படுவார்கள். எனக்குத் தூரம் போதாமல் இருந்தது.

தீவில் கடலோரமாக ஒரு சிறிய மரவீடு எடுத்தோம், இரவுக்கு 1,300 குரோனர். செவ்வாய் மதியம் ஏவுவதாக இருந்தது. தெருவோரம் நாற்பது ஐம்பது பேரோடு நின்றோம். காற்று காரின் கதவையே திறக்கவிடவில்லை. இரண்டு மணிக்கு, இன்று இல்லை என்று அறிவித்தார்கள். புதனும் இல்லை. வியாழன் கீழே காற்றுக் குறைந்தது, ஆனால் மேலே பலமாம். வீட்டுக்காரப் பெண்மணி விறகு கொண்டுவந்தபோது, "போனமுறையும் இங்கே தங்கியவர்கள் பார்க்காமல்தான் போனார்கள்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, ஆதவனுக்கு ஒரு வாஃபல் கொடுத்தார்.

அடுத்த முயற்சி சனிக்கிழமை. பிள்ளைகளைத் தாயிடம் விட நாங்களோ ஞாயிறு பின்னேரம் ஒஸ்லோவில் நிற்கவேண்டும். அதற்கு வெள்ளி காலையே கிளம்பவேண்டும். தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டு, பிள்ளைகளின் தாய்க்கு அழைத்தேன்.

"சனிக்கிழமைக்குத் தள்ளி வைச்சிருக்கினம். பாத்திட்டு ஞாயிறு வெளிக்கிட்டா செவ்வாய்தான் வந்து சேரலாம். உமக்குச் சம்மதமோ?"

"ஞாயிறு வருவினம் எண்டு இருந்தனான்," என்றாள். பிறகு, "பரவாயில்லை, நில்லுங்கோ. பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லுறன்."

எனக்கு வந்த சந்தோசம் ரொக்கெற்றுக்காக இல்லை. இன்னும் இரண்டு நாள் பிள்ளைகள் என்னோடு.

யாழினி சப்பாத்தைக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றாள். "வேண்டாம் அப்பா. நாளைக்குப் போவம்."

"ஏன்? நீதானே ஆசைப்பட்டனி?"

"ஓம். அம்மாவின்ரை குரலைக் கேட்டனீங்களே? ஞாயிற்றுக்கிழமையில எங்களை இறக்கிவிடேக்கை நீங்களும் அப்பிடித்தான் பரவாயில்லை எண்டு சொல்லுவீங்கள்."

தாய்க்குத் திரும்ப அழைத்து, ஞாயிறே வருவோம் என்றேன். ஆதவன் அழுதான். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான். வெள்ளி காலை கிளம்பினோம்.

சனிக்கிழமை மதியம் மோ இ ரானாவுக்குத் தெற்கே, ஒரு ஆற்றோரம் காரை நிறுத்தினோம். யாழினி தன் தொலைபேசியில் நேரலையைப் போட்டாள். ஆதவன் என்னுடையதில் தாயை அழைத்தான். அவளும் வீட்டில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் கவுண்ட்டவுன் முடியேல்லை," என்றாள்.

"பொறுங்கோ அம்மா, இஞ்சை வெளிக்கிட்டிட்டுது," என்றான் ஆதவன்.

வெள்ளைப் புகை, அதன் மேல் ஒரு வெளிச்சம். கொஞ்சநேரத்தில் முகில் மூடிவிட்டது. தாயின் பக்கத்திலும் இரைச்சல் கேட்டு ஓய்ந்தது.

"எல்லாரும் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

அந்த 'எல்லாரும்' எனக்கும் சேர்த்துத்தானா, தெரியாது. ஓம் என்று நான்தான் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: அறிவிக்கும் நாளை நம்பி ஒரு கிழமையில் போய்வர நினைக்காதீர்கள், குறைந்தது நான்கு நாளாவது கூடுதலாக வையுங்கள். பணம் திருப்பித் தரும் தங்குமிடமாகப் பாருங்கள். மோ இ ரானா தாண்டினால் தாங்கி பாதியாகும்போதே பெற்றோல் அடியுங்கள். அக்டோபரில் மலைப்பாதையில் பனி இருக்கும், குளிர்கால ரயர் போட்டுப் போங்கள். பிள்ளைகளுக்குக் காற்றுப் புகாத மேலங்கி முக்கியம், குடை எடுக்கவே வேண்டாம்.

ஞாயிறு ஆறு மணிக்குப் பிள்ளைகளைத் தாயின் வீட்டு வாசலில் இறக்கினேன். ஆதவன் படியேறும்போதே காற்று காரை ஆட்டிய கதையைத் தொடங்கிவிட்டான். கதவு சாத்திய பிறகும் அவனுடைய குரல் கொஞ்சம் கேட்டது. அது கேட்காமல் போகும்வரை நின்றுவிட்டுக் காரை எடுத்தேன்.