நடுரோட்டில் ஒரு வெடிப் பெட்டி

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் போகும் சாலையில் எங்கள் ஊருக்கு நிழற்குடை இருந்தது, பஸ்தான் நிற்பதில்லை. காலை ஆறரை மணி டவுன் பஸ் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் ‘டிரிப் கட்’. மற்ற நாட்களில் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பட்டாசுக் கம்பெனி வேன்கள் தெருவுக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றிக்கொண்டன. ஞாயிறு கம்பெனிக்கு லீவு. அன்று வெளியூர் போகிறவர்கள் சாலையோரம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எனக்கு ஒன்பது வயது. சித்திக்கு விருதுநகரில் அரசு வேலைக்கான தேர்வு. அதையும் ஞாயிற்றுக்கிழமைதான் வைத்திருந்தார்கள். சாத்தூரில் பஸ் மாறிப் போக வேண்டும். ஒன்பது மணிக்குத் தேர்வுக்கூடத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பகலில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு மீதி நேரத்தில் படித்தவள் அவள். இந்தத் தடவையும் தவறினால் மாப்பிள்ளை பார்த்துவிடுவதென்று தாத்தா முடிவு செய்திருந்தார்.

ஆறரை வண்டி வரவில்லை. ஏழு மணிக்கு வந்த பஸ் எங்களைக் கண்டதும் வேகத்தைக் கூட்டியது. கண்டக்டர் கொடுத்த இரட்டை விசில் எனக்கே கேட்டது. அடுத்து வந்ததும் அப்படியே போனது. மாமாவின் மொபெட் முந்தின நாளிலிருந்து மெக்கானிக்கிடம் கிடந்தது. அம்மா புழுதியை அள்ளி பஸ் போன திசையில் தூற்றினாள். சித்தி ஹால் டிக்கெட்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

மாமா, அம்மாவின் தம்பி, பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். என்ன தோன்றியதோ, திடீரென்று வீட்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போது தலையில் ஒரு பட்டாசு அட்டைப்பெட்டி. சிவப்பு எழுத்தில் ‘வெடிபொருள்’, பக்கத்தில் தீச்சுவாலைப் படம். எங்கள் வீட்டில் துணி வைக்கும் பெட்டிதான் அது. உள்ளே என் பாவாடைகள் இருந்தன. நடுரோட்டில் அதை வைத்துவிட்டு எங்களை நிழற்குடைக்குப் பின்னால் தள்ளினார்.

“நம்ம பக்கத்து டிரைவரா இருந்தா நிப்பான். வெளியூர்க்காரனா இருந்தா ஸ்டியரிங்க ஒடிச்சு ஓட்டிட்டுப் போயிருவான்” என்றார்.

வளைவில் பஸ் தெரிந்தது. வேகம் குறையவில்லை. சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் ஒரு நீளமான கிறீச். பெட்டிக்கு ஐம்பது அடி முன்னாலேயே பஸ் நின்றது. உள்ளூர்க்காரர்!

“எல்லாரும் எறங்குங்க! பீடிய அணைங்கய்யா!” என்று கண்டக்டர் கத்தினார். இரண்டு வாசலிலும் ஜனம் கொட்டியது. கோழிக்கூடையோடு ஒருவர் கருவேலங்காட்டுக்குள்ளேயே ஓடிவிட்டார். எல்லாரும் இறங்கிக்கொண்டிருக்க, சித்தி ஒருத்தி மட்டும் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன்.

மாமா சாவகாசமாகப் போய்ப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். “துணிமணிதாண்ணே. சும்மா நிறுத்துனா நிக்க மாட்டேங்கீகள்ல?”

“ஏலே, வெளையாட ஒனக்கு வேற சாமானே கெடைக்கலையா? வெளங்குவியா நீ?” என்று ஒரு பாட்டி செருப்பைக் கழற்றினார்.

“ஒன்னய போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கேன் பாரு” என்றார் கண்டக்டர்.

“குடுங்க. அதுக்கு முன்னால எந்தங்கச்சிய சாத்தூர்ல எறக்கி விட்டுருங்க. பரீச்சைக்கு நேரமாச்சு.”

கூட்டத்தில் பாதி சிரித்துவிட்டது. டிரைவர் மட்டும் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மாமா பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தார், திட்டவில்லை. “இப்படி ஒரு பெட்டிய எறக்கும்போதுதான்யா எந்தம்பி செத்தான்” என்றார். எழுந்து போய் வண்டியை எடுத்தார். சாவியைத் திருப்ப அவருக்கு இரண்டு தடவை ஆனது. பக்கத்தில் நின்ற எனக்கும் அவர் சொன்னது கேட்டது. ஆனால் நான் ஜன்னலில் சித்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டைச் சாத்த ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போய்விட்டதாகச் சாயங்காலம் சித்தி சொன்னாள். டிரைவர் சாத்தூர் வரை வேறெங்கும் வண்டியை நிறுத்தவில்லையாம். வழியில் மூன்று ஊர்களில் ஜனம் கையை நீட்டிக்கொண்டு நின்றதாம். நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் நான்தான் ராணி. பாட்டி செருப்பைக் கழற்றியது, டிரைவர் சாவியோடு தடுமாறியது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். டிரைவர் சாவிக்குத்தான் சிரிப்பு அதிகம்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு அக்கா மதுரை போக வேண்டியிருந்தது. பஸ் வரவில்லை. யாரும் சொல்லாமலே நான் பாவாடைகளைக் கீழே கொட்டிவிட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு சாலைக்கு ஓடினேன். மாமா எதிரே வந்து பிடுங்கினார். பெட்டியைக் காலால் மிதித்துத் தட்டையாக்கி, நாலாகக் கிழித்து வாய்க்காலில் போட்டார். அவர் முகம் வேர்த்திருந்தது.

கண்டக்டர் உண்மையிலேயே போலீசுக்குச் சொல்லிவிட்டார், மாமா பயந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.