முள்ளைப் பார்த்துக் கேட்டவர்

எங்கள் தெரு வீடியோ ஸ்டுடியோவின் சவுண்டுக்காரருக்கு இடது காது கேட்காது. அது அவர் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

இடது, வலது ஒலிகள் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிவிட்டால், இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும் போனில் ஒன்றையொன்று அழித்து, பேச்சே காணாமல் போய்விடும். இரண்டு காதும் கேட்கிறவனுக்கு அது உடனே உறுத்தும். இவர் திரையில் அதைக் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான் பிடிப்பார். புதிய மென்பொருளில் அந்த முள்ளைக் காணோம். எங்கே என்று கேட்டால் எதற்கு என்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

தலைவர் ஒருவரின் பேச்சு, போன்களில் வெறும் வாயசைப்பாகப் போனது. முதலாளியைத் தவிர ஊரே ரசித்தது.

“யோவ், உனக்குக் காது இருக்கா இல்லையா?”

எல்லா முதலாளிகளும் கேட்கிற கேள்விதான். பதில் இருந்தது இவரிடம் மட்டும்.

“கவனிக்கலை சார்,” என்றார். வேலை போயிற்று.

வலது பக்கமாக வந்து உட்கார்ந்த மனைவி, “உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“கவனமில்லாதவனுக்கு எங்கயாவது வேலை கிடைக்கும்டி. செவிடனுக்கு யாரு குடுப்பா?”