என் சட்டைப் பையில் இருந்த சாப்பு

இரண்டு வாரம் ஆகிறது. அதிர்ச்சி இன்னும் என்னை விட்டபாடில்லை.

என் பிழைப்பு ஒயரிங். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ முறை கரண்டு அடித்து ஏணியிலிருந்து விழுந்திருக்கிறேன். ஒரு தடவை கோழிக்கூண்டின் மேலேயே விழுந்தேன். அப்போதெல்லாம் தூசியைத் தட்டிவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டவன் நான். ஆனால் நாற்காலியில், நல்ல பிள்ளையாகக் கைகட்டி உட்கார்ந்திருக்கும்போதே ஒருவனுக்கு அடிக்குமா?

அடித்தது. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில், மின்சாரக் கான்ட்ராக்டர்களுக்கான நிர்வாக வகுப்பில்.

ஆறு சனிக்கிழமை வகுப்பு. கட்டணத்தை நானே ஆசையாகக் கட்டினேன். ஒயர் இழுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, வேலையைத் திட்டமிடத் தெரிய வேண்டும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. பாடம் நடத்தியவர் மிஸ்டர் லிம், என் மகன் வயதுதான் இருக்கும். ஒரு வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி நிர்வாகம் முடிந்தது என்றார். அதற்கு வீட்டுப்பாடமும் கொடுத்தார். நடக்கிற வேலையில் ஓர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். வேலை நிற்கிற ஒவ்வொரு நாளும், ஏன் நின்றது என்று ஆட்களே அதில் எழுத வேண்டும்.

எனக்கு ஒரே குஷி. என் ஆட்களின் சோம்பேறித்தனம் எழுத்து மூலமாக ஊருக்குத் தெரியப் போகிறதே!

அட்டையை, நான் இருக்கும் ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி, ஆயர் தாவாரில் சரோஜா அக்காவின் புது வீட்டில் தொங்கவிட்டேன். அக்கா முப்பது வருடம் ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் கைமாறிவிட்டது, அவர் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குறித்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் தண்ணீரும் விளக்கும் நிறுத்தப்படும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்த்தாகிவிட்டது. பிரசவம் முடிந்து மூன்று வாரமான மகளும் குழந்தையும் அன்றே அங்கே வந்தாக வேண்டும். கரண்டு இல்லாத வீட்டில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேலையை என் தலையாள் ஆறுமுகத்திடம் விட்டிருந்தேன். அவர் அட்டையைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பஸ்காரரிடம் கொடுத்தனுப்பினார். நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் வகுப்பில் நீட்டினேன். பெருமை, வேறென்ன...

லிம் விரித்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஆறுமுகம் எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில் எழுதியிருந்தார்.

திங்கள் - துங்கு போஸ். செவ்வாய் - துங்கு போஸ். புதன் - துங்கு போஸ்.

முதலாளிக்காகக் காத்திருக்கிறோம்! ஒன்பது நாள், ஒன்பது வரி. சனிக்கிழமைக்கு மட்டும் கூடுதலாக ஒரு குறிப்பு: முதலாளி வகுப்புக்குப் போயிருக்கிறார்.

அறையே குலுங்கியது. தைப்பிங்கிலிருந்து வரும் கான்ட்ராக்டர் ஒருவர் என் தோளில் தட்டி, "பேசாம அந்த போஸைத் தூக்கிடு மச்சான், வேலை முடிஞ்சிடும்லா" என்றார்.

லிம் மட்டும் சிரிக்கவில்லை. உங்களிடமிருந்து எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

சாப்பு!

கம்பெனி ரப்பர் முத்திரையைத்தான் சொல்கிறேன். நம் நாட்டில் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சாப்பு குத்தாத விண்ணப்பப் பாரத்தை எந்த கவுண்டரும் தொடாது. அதனால் அதை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. கோயிலுக்குப் போனாலும் பையில் இருக்கும். ஜெலாப்பாங்கில் ஒரு கல்யாணத்தில் மொய் எழுதும்போதும் இருந்தது. ஒயரிங் முடிந்துவிட்டது, மீட்டர் கேட்டு மின்சார ஆபீசில் கொடுக்கும் பாரத்தில் சாப்பு வேண்டும் என்று ஆறுமுகம் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். மனைவியும் சொன்னாள். நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று...

வகுப்பு முடியும்வரை உட்கார முடியவில்லை. நேராக ஆயர் தாவாருக்குக் காரை விட்டேன்.

புது வீட்டு வாசலில் சரோஜா அக்கா நின்றிருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"புள்ளையத் தூக்கிட்டு எங்க போறதுன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. போயிடறேன்."

வாசலிலேயே சாப்பை வெளியே எடுத்தேன். பாரத்தில் குத்தினேன். அவசரத்தில் முதல் சாப்பு தலைகீழாக விழுந்தது. பக்கத்தில் நின்ற ஆறுமுகம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த இன்னொரு பாரத்தை எடுத்து வைத்தார். இந்த மனிதர் என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்!

திங்கட்கிழமை கவுண்டரில் வேறு ஏதாவது பாரம் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"கேப்பான் அண்ணே. அப்பவும் நீங்க ஈப்போலதான் இருப்பீங்க."

சாப்பை அவர் கையில் வைத்தேன். மகளைக் கட்டிக்கொடுத்த அப்பன் மாதிரி, கார்வரை போய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

கவுண்டரில் இன்னும் இரண்டு பாரம் கேட்டார்களாம். ஆறுமுகம் அங்கேயே நின்று குத்திக் கொடுத்திருக்கிறார். புதன்கிழமை ஆள் வந்து சோதித்தார். வியாழன் மதியம் மீட்டர் ஏறியது.

வெள்ளிக்கிழமை நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். மெயின் சுவிட்சில் சூடம் காட்டி முதல் விளக்கை நானே போடுவதுதான் என் வழக்கம். முதலாளி இல்லாமல் வெளிச்சம் வருமா?

போய்ச் சேர்ந்தால் வீடு முழுக்க விளக்கு எரிகிறது. கூடத்தில் காற்றாடி சுற்றுகிறது. அதன் கீழே குழந்தை கை கால் பரப்பித் தூங்குகிறது. சுவிட்சுக்குக் கீழே சூடம் எரிந்து அணைந்த கறை.

"யாரு போட்டது?" என்றேன்.

"புள்ளைக்கு வேர்த்துச்சு. ஆறுமுகம் போட்டுட்டாரு" என்றார் அக்கா. "நீங்க உக்காருங்க தம்பி, பாயசம் ஆறுது."

இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தேன். அதிர்ச்சிக்கு இனிப்பு நல்லது என்கிறார்கள்.