பாதி ரோட்டில் இறுகிய சக்கரம்

இரண்டு வருடத்துக்கு முன், ஓர் ஐப்பசி மாதக் காலை. மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் ஈ.சி.ஆர். ரோட்டுக்கு அந்தப் பக்கம். மூன்றாவது படிக்கும் மகளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து நான்தான் கொண்டுபோய் விடுவேன்.

எங்கள் ஊரில் இரும்பு என்றாலே எண்ணெய்தான். உப்புக் காற்று பூட்டைக்கூட விட்டுவைக்காது. முந்தின நாள் என் கணவர் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, தொளதொளத்த செயினை இழுத்து வைத்தார். படகு இன்ஜினுக்குச் செய்வதுபோலவே பின்சக்கர நட்டு, வாஷர், அதற்கு அடியில் என்று ஓர் இடம் விடாமல் எண்ணெய் தடவி முடுக்கினார். மனுஷனுக்கு அரைகுறை வேலையே பிடிக்காது.

அன்று காலை பாதி ரோடு தாண்டியபோது புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரு பஸ் வருவது தெரிந்தது. ஜல்தியாகப் போய்விடலாம் என்று எழுந்து நின்று பெடலை மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம். பின்சக்கரம் கோணிக்கொண்டு பிரேமின் இடப்பக்கக் கம்பியில் இறுகிவிட்டது. தள்ளினேன், இழுத்தேன், சைக்கிள் நகரவில்லை. பஸ் ஹாரன் காதைப் பிளந்தது. எனக்கு ஹாண்டில்பாரை விட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்துகிறாள்.

“வண்டிய வுட்டுட்டு புள்ளயத் தூக்கிக்கினு ஓடியாம்மா!”

எதிர்ப்பக்க டீக்கடையில் நின்ற யாரோ ஓர் அம்மாவின் குரல். மகளை வாரிக்கொண்டு பாய்ந்தேன். பிரேக் அடித்தும் நிற்காத பஸ் சைக்கிளை இடித்துத் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் கேரியர் நசுங்கிக் கிடந்தது. அவள் உட்கார்ந்திருந்த கேரியர்.

சேதி கேட்டுக் குப்பத்திலிருந்து கணவர் ஓடிவந்து பின்சக்கர நட்டுகளைத் திருகிப் பார்த்தார். இரண்டும் டைட்டாகத்தான் இருந்தன. கழற்றினால் உள்ளே எண்ணெய் பளபளத்தது.

“நீ மிதிச்ச வேகத்துல சக்கரம் எண்ணெயில பிடிப்பே இல்லாம வழுக்கிக்கினு முன்னால போயிருக்குது. நான்தானே தடவுனேன்” என்று ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நட்டுக்கு அடியில் அந்த இடத்தை மண்ணெண்ணெயில் துடைத்து, ஈரம் காயவிட்டு, பல் வைத்த வாஷர் போட்டுத்தான் முடுக்குகிறார். முடுக்கிய பிறகு வெளியே மட்டும் எண்ணெய். சக்கரம் வழுக்குகிறதா என்று பின்பிரேக்கைப் பிடித்தபடி பெடலை ஓங்கி மிதித்துப் பார்க்காமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை.

அப்படியும் அந்த ரோடு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவேன். மகளை இறக்கிக் கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப்போகிறேன். “வலிக்குதும்மா, மெதுவாப் புடி” என்பாள். அப்படிச் சொல்ல அவள் என் பக்கத்தில் இருக்கிறாளே என்று, பிடியைத் தளர்த்த இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.